நவரத்தினம் அண்ணை குடித்து முடித்த கூழ்

நவரத்தினம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கரவெட்டியில், என் வீட்டுக் கிணற்றடியில், மீன் தலை கழுவிக்கொண்டிருந்தேன். நோர்வேயிலிருந்து அவருடைய மகன் கைபேசியில் எடுத்திருந்தான். "மாமா, அப்பா நித்திரையிலையே போயிட்டார். வடிவாச் சாப்பிட்டிட்டுத்தான் படுத்தவர்" என்றான். எனக்கு அழுகைக்கு முன்னே வந்தது பொறாமை. மறைப்பானேன். வயிறு நிறைந்து, ஒருவருக்கும் கரைச்சல் இல்லாமல், நித்திரையில். சாவதிலும் மனிசன் என்னை முந்திவிட்டார்.

செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். ஆயிரம் பேருக்குக் குறையாது, பனிக்குள் நின்றார்கள். எனக்கு இதில் பாதிச் சனமாவது வருமா என்று மனதுக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தேன். பிறகு முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மகன் கேட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நான் எழுத உட்கார்ந்தால் வாத்திமாரே பேனையை மூடிவைத்துவிட்டுப் பார்ப்பார்கள். ஆகையால் இதோ.

அண்ணை காங்கேசன்துறைக் கடற்கரைக்காரர். நான் தோட்டக்காரன் மகன். இருவரையும் சேர்த்துவைத்தது நோர்வேயின் வட கோடியில் இருந்த ஒரு மீன் தொழிற்சாலை. அங்கே பனி கொட்டினால் கூரைக்கு மேலால்தான் வேலைக்குப் போகவேண்டும். அண்ணை கத்தியை இரண்டு தரம் இழுத்தால் மீன் தலை வேறு, முள் வேறு, சதை வேறு. வெள்ளைக்காரர் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். இரண்டாவது கெட்டிக்காரன் நான்தான். மூன்றாவது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். கன்றுக்குட்டித் தலையளவு மீன் தலைகளை அவர்கள் தொட்டியில் எறிவார்கள். அண்ணைக்கு அது பொறுக்காது. "தலையை எறிஞ்சுபோட்டு உடம்பைத் தின்னுறாங்கள், தம்பி. உவங்களுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்பார்.

அந்தத் தலைகளை வைத்துத்தான் அவர் கூழ் காய்ச்சத் தொடங்கினார். கூழுக்கு வேண்டிய ஒடியல் மாவுக்கு, பனங்கிழங்கு மாவுக்கு, அந்த ஊரில் எங்கே போவது? வெள்ளைக்காரர் கறுத்தப் பாண் சுடுகிற மாவை வாங்கிச் சட்டியில் வறுத்தார். முருங்கையிலைக்குப் பதிலாக ஏதோ ஒரு கீரை. பலாக்கொட்டை வேண்டிய இடத்தில் அவித்த உருளைக்கிழங்கு. பழப்புளியும் செத்தல் மிளகாயும் மட்டும் எங்கள் ஊருடையவை. ஞாயிறு வந்தால் ஊர்ப் பெடியள் எல்லாம் அவருடைய அறையில்தான். உறிஞ்சுகிற சத்தம் படிக்கட்டில் கேட்கும். அதே ஞாயிறுகளில் நானும் கோழிக்கறி வைத்தேன். அப்படி ஒரு கறியை அந்த நாடு கண்டிருக்காது. வந்து உப்புப் பார்க்கக்கூட ஒருவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் என் தங்கை ஒடியல் மா கொடுத்துவிட்டாள். கிழங்கு கிண்டி, பிளந்து, காயவைத்து, தானே இடித்த மா. பையை அவிழ்த்ததும் அறை முழுக்க எங்கள் வீட்டு வளவு மணந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு கூழ், எது கூழ் என்று சனம் சொல்லட்டும் என்று தொழிற்சாலை முழுக்க அறிவித்தேன். அண்ணை சிரித்தார். "காய்ச்சும், காய்ச்சும். எனக்கும் ஆசையாய்க் கிடக்கு" என்றார்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஊரில் நான் கூழ் குடித்திருக்கிறேனே தவிர, காய்ச்சியதில்லை. பனையோலைப் பிளாவை மடித்துப் பிடித்துக்கொண்டு அம்மா ஊற்றும்வரை பார்த்திருந்தவன். பானைக்குள் எது போகிறதென்று தெரியும். பானைக்கு முன்னால் மாவுக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது.

வாயில் வைத்த பெடியள் முகத்தைச் சுளித்தார்கள். வேப்பங்கொட்டை தோற்றுப்போகும், அப்படிக் கைத்தது. ஒவ்வொருவராகக் கோப்பையை நிலத்தில் வைத்தார்கள். அண்ணை மட்டும் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"மாவை ஊறவிட்டு வடிச்சனீரோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மா வழியிலை பழுதாப் போச்சு. தம்பி என்ன செய்வார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு என் கூழை முழுக்கக் குடித்தார். இரண்டாம் கோப்பையும் வாங்கினார். மறுநாள் தலைச்சுற்றோடு வேலைக்கு வராமல் படுத்துவிட்டார். என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி வந்திருக்கவேண்டும். வரவில்லை. பெரிய மனிசன் என்ற பெயரையும் அவரே எடுத்துக்கொண்டாரே என்றுதான் எரிந்தது.

பழுதான மா என்ற கதையை நானும் பிடித்துக்கொண்டேன். கலியாண வீடுகளில் சொன்னேன். சொல்லச் சொல்ல மாவில் பூச்சி வந்தது, பூஞ்சணம் வந்தது. ஊருக்கும் அது போய்ச் சேர்ந்தது. தங்கை அதன் பிறகு மா அனுப்பவில்லை. இன்றைக்கும் பக்கத்து வளவில்தான் இருக்கிறாள். கூழ் என்ற பேச்சு எழும்பினால், "என்ரை மா பழுதெல்லோ" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவாள்.

போன வருடம் அண்ணை தன் காணியைப் பார்க்க வந்தார். வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் இருந்ததாம். அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார். நான் ஊர் திரும்பி, கூழென்றால் கரவெட்டியே என்னைத்தான் கூப்பிடும் என்கிற நிலைக்கு வந்திருந்தேன். குசினி வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஒடியலின் கைப்பும் தலைச்சுற்றும் போகும்படி நான் மாவை ஊறவிட்டு, வடித்து, திரும்ப ஊறவிட்டேன்.

"இப்ப ஊறவிடுறீர்" என்றார்.

"எப்பவும் இப்பிடித்தான், அண்ணை."

பிளாவில் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார். "அண்டைக்கு என்ரை கூழை எல்லாரும் புகழ்ந்தவை. அது பாண் மா எண்டு எனக்கெல்லோ தெரியும். உம்மடை கூழ் கைச்சதுதான். ஆனா கண்ணை மூடினா நான் எங்கடை கடற்கரையிலை நிண்டன். அதுதான் ரெண்டு கோப்பை குடிச்சனான்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அவரை அனுப்பிவிட்டு, வென்றது நான்தான் என்று அவரே ஒத்துக்கொண்டதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இன்று நினைக்க அதிலும் எரிகிறது. என்னுடைய வெற்றியைக்கூட அவர்தான் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. அதற்கு நான் இரண்டு தரம் பிழையான பதில் சொன்னேன். இந்தப் புத்தகம் அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் கைக்கும் போகும், என் தங்கை கைக்கும் போகும். தெரிந்துதான் எழுதுகிறேன். அவருடைய கூழ் என்னுடையதைவிடத் திறம் என்று நான் ஒருநாளும் எழுதமாட்டேன். ஆனால் என் தங்கையின் மாவில் ஒரு குறையும் இருக்கவில்லை.

இல்லை அண்ணை, ஊறவிடேல்லை.