மாப்பிள்ளையின் திரை அணைந்த திங்கட்கிழமை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்வதை என் மகள் எழுதுகிறாள். இது அவள் புருஷனைப் பற்றியது என்பதால் அங்கங்கே பேனாவை நிறுத்தி, "அம்மா, இது வேணுமா?" என்கிறாள். வேணும் என்று சொல்லிவிட்டேன்.

என் மாப்பிள்ளை குடிநீர் அலுவலகத்தில் விசாரணை கவுன்ட்டரில் இருந்தவர். தண்ணீர் வராத தெருவெல்லாம் முதலில் அவர் முகத்தில்தான் விழிக்கும். அங்கே அவருக்கு ரேடியோ என்று பேர். காலை பத்து மணிக்குத் திருகினால் சாயங்காலம் ஐந்து வரைக்கும் ஓடும். சண்டைக்கு வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவார். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர் பேசிய பேச்சில் என் கணவர் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்பாங்க. இவன் நம்ம பிள்ளைக்கும் சேர்த்துப் பிழைப்பான், குடுத்துடு" என்றார் படுத்தபடியே.

நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் குரலை எடுத்துக்கொண்டு உயிரைக் கொடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு சின்னத் துணி. மூச்சு அந்த வழியாகத்தான். உதடு அசையும், நாக்கு அசையும், சத்தம் வராது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். தகர டப்பாவில் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். கவுன்ட்டரில் ஒரு குழந்தை வீறிட்டு அழுததும் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். போனில் எழுதினால் அதுவே வாய்விட்டுப் படிக்கும் என்றார்கள். கவுன்ட்டர் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை, வந்ததும் பெண் குரல். "என் பேச்சை யாரோ ஒரு பொம்பளை பேசுறா, அத்தை" என்று உதட்டாலேயே சொன்னார்.

அந்த உதட்டைப் படிக்க எங்கள் வீட்டில் எனக்குத்தான் நன்றாக வரும். மகள் நர்ஸ். அவளுக்கு எழுதிக் காட்டினால் போதும். எனக்கு எழுதிக் காட்டி என்ன பயன்? அதனால் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன். வீட்டுப் பேச்சு முழுக்க வரும். அவர் ரகசியமாக முணுமுணுக்கும் வசவுகூட வரும்.

கவுன்ட்டருக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் அவருடைய லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர், ஒரு சின்னப் பெட்டி, இன்னொரு வயர், அப்புறம் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபடி ஒரு பெரிய திரை. இவர் தட்டினால் அங்கே உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து வரும். படிக்கத் தெரியாதவர் நின்றால் பின்னால் நிற்பவர் சத்தமாகப் படிப்பார். நானே ஒருநாள் பார்த்தேன். ஒரு பெரியவர் கத்திக்கொண்டே இருந்தார். திரையில் ஏதோ வந்தது. பின்னால் நின்ற பெண் படித்தாள்: "ஐயா, பைப்புல வராத பிரஷரெல்லாம் உங்க குரல்ல வருது. அதைக் கொஞ்சம் மோட்டாருக்குக் குடுங்க." வரிசை முழுக்கச் சிரித்தது, பெரியவரும் சிரித்தார். ஒரு குரல் போய் ஊர்க் குரலெல்லாம் அவருக்கு வந்த மாதிரி இருந்தது.

புதிதாக வந்த மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. கவுன்ட்டர் என்றால் பேசும் ஆள் வேண்டும், இவரைக் கீழே பழைய கோப்பு அறைக்கு மாற்றலாம் என்றார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது, மனிதர்களும் கிடையாது. மாப்பிள்ளை இரண்டு மாசம் தவணை கேட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு புகார்கூட வராமல் ஓட்டிக் காட்டினார். அந்தத் தவணை முடிகிற திங்கட்கிழமையைத்தான் சொல்ல வந்தேன்.

எட்டரை மணி இருக்கும். வேலைக்குச் சீக்கிரமே போனவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து நின்றார். "அத்தை, வாங்க" என்று மட்டும் உதடு சொன்னது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புது ஏற்பாடு போட்டிருக்கிறார்கள், ஆபரேட்டிங் சிஸ்டமோ என்னவோ. லேப்டாப் புதுப்பெண் மாதிரி பளபளவென்று இருந்தது. பெரிய திரை மட்டும் கறுப்பு. தட்டினால் ஒரு நொடி ஏதோ எழுத்து வந்து போகும், மறுபடி கறுப்பு. வயரைப் பிடுங்கிச் செருகினார், மாற்றிச் செருகினார், அணைத்துப் போட்டார். லேப்டாப்பையே திருப்பி வைத்து, வாட்ச்மேனை வெளியே நிற்கவைத்துப் பார்த்தார். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் வாசலுக்குப் போய்விட்டார். காகிதத்தில் எழுதலாம் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு வலது தோள் சரியில்லை. பத்து வரி எழுதினால் கை நடுங்கும்.

கம்ப்யூட்டர் பிரிவுக்குச் சொல்ல ஒரு நம்பர் உண்டு. எழுதி அனுப்பினால் பதில் வர மூன்று நாள், போன் பண்ணினால் உடனே. போனில் பேசத்தான் நான். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்கம்மா, யாரு?" என்றது ஒரு குரல்.

"நான் கவுன்ட்டர்க்காரரோட மாமியார்."

"அவர்கிட்ட குடுங்க."

"குடுக்கலாம் தம்பி. அவர் பேச மாட்டார்."

"ஏன், கோவமா?"

"குரல் இல்ல."

"சரிம்மா, நீங்களே ஸ்கிரீன்ல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. அவருக்குப் படிக்க வரும், சொல்ல வராது. எனக்குச் சொல்ல வரும், படிக்க வராது. ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளா வச்சுக்கோங்க."

அந்தத் தம்பி நல்லவன், போனை வைக்கவில்லை. மேலே போங்க, கீழே போங்க, அதைத் திறங்க என்று சொன்னான். மாப்பிள்ளை திறந்தார். திரையில் இருந்ததை என்னைப் பார்த்து உதட்டால் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த சொல்லைத்தான் உதட்டில் பார்க்க முடியும், தெரியாத சொல் வெறும் வாய் அசைவு. மூன்று தரம் சொன்னார். நாலாவது தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "தம்பி, எழுத்தை விடு. படத்தைச் சொல்றேன். மேலேருந்து ஏழாவது வரி. பக்கத்துல ஒரு மஞ்சள் முக்கோணம். அதுக்குள்ள ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ ஒரு புள்ளி."

"அதாம்மா, அதேதான். நீங்க கெட்டிக்காரங்க."

மாப்பிள்ளை சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இரண்டு நிமிஷம் நிற்கவில்லை. நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியைப் புது ஏற்பாட்டுக்கு அடையாளம் தெரியவில்லையாம். பெட்டி செய்தவர்கள் அதற்கு ஒரு புரோகிராம் எழுதித் தர வேண்டுமாம்.

"எப்போ தருவாங்க?"

"தெரியாதும்மா."

"அப்ப பழையதையே போட்டுக் குடு."

"எங்க கையில இல்ல. தலைமை அலுவலகம் பூட்டி வச்சிருக்கு."

"வேற பெட்டி?"

"எழுதிக் கேட்டா பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்மா."

நோய் இன்னது என்று தெரிந்தது, மருந்து யார் கையிலும் இல்லை. வெளியே வரிசை சேர ஆரம்பித்துவிட்டது.

"நான் பேசுறேன் மாப்பிள்ளை. நீங்க உதட்டைக் காட்டுங்க" என்றேன். அவர் யோசித்தார். வேறு வழி இருந்தால் சம்மதித்திருக்க மாட்டார்.

மேலாளர் வந்தார். "இவங்க யாரு?"

"அவரோட வாய்" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் பத்துப் பேருக்கு நன்றாகத்தான் போனது. மீட்டர் ரிப்பேர், குழாய் உடைப்பு, கையெழுத்து. மாப்பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். ஒருத்தரிடம் மட்டும் அவர் சொன்ன கேலியை விட்டுவிட்டேன். வயசானவரைப் போய்க் கேலி செய்யலாமா? மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பிறகு ஒரு பெண் வந்தாள். மூன்று நாளாகத் தெருவுக்கே தண்ணீர் இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். "படுக்கையை அலசக்கூடத் தண்ணி இல்லம்மா. எப்போ லாரி வரும்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

மாப்பிள்ளை பட்டியலைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சாயங்காலம்" என்று உதட்டால் சொன்னார்.

அந்த முகத்தைப் பார்த்து நாளைக்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடும்மா. நீ போ" என்றேன்.

மாப்பிள்ளைக்குக் குரல்தான் இல்லை, காது இருக்கிறது. மேசையைத் தட்டினார். நான் திரும்பவில்லை. திரும்பினால்தானே அவர் பேச முடியும். மறுபடி தட்டினார். அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள். அவர் எழுந்து கதவைச் சுற்றிக்கொண்டு ஓடினார். வாசலில் நின்று கையை ஆட்டியிருக்கிறார். பின்னாலிருந்து கையை ஆட்டினால் யாருக்குத் தெரியும்? திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார். அன்றைக்கே ஒரு லாரியாவது கிடைக்குமா என்று போனில் யார் யாருக்கோ தட்டித் தட்டி அனுப்பினார். கிடைக்கவில்லை.

நாலரை மணிக்கு அவள் வந்தாள். தெருவே கூட வந்தது. "இன்னைக்கு வரும்னு சொன்னீங்களே, சொன்னது யாரு?" கண்ணாடியில் வாளியை வைத்து இடித்தார்கள். நாளைக்கு என்றிருந்தால் பக்கத்துத் தெருவிலிருந்து சுமந்தாவது வந்திருப்பாளாம். என்னை நம்பி வீட்டிலேயே காத்துக் கிடந்திருக்கிறாள்.

மேலாளர் வெளியே வந்தார். "யார் சொன்னது?" என்றார் மெதுவாக.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை எதையோ தட்டி, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். மேலாளர் படித்தார். சத்தமாகப் படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. "நான்தாங்க சொன்னேன்" என்றேன். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து கோப்பு அறை. பதினேழாம் நாள் அந்தப் புரோகிராம் வந்து பெரிய திரை தானாக எரிந்ததாம். அதற்குள் கவுன்ட்டரில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. திரையில் இப்போது அலுவலக நேரம் மட்டும் ஓடுகிறது என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்கு எல்லாக் கதவும் அடைத்த மாதிரி. டியூட்டி முடிந்து வந்த மகளிடம் போனில் தட்டிக் காட்டினார். அவள்தான் எனக்குச் சொன்னாள்: "நான் தப்பாச் சொன்னேன், அத்தை அதையே சொன்னாங்கன்னு மேலாளருக்கு எழுதிக் காட்டியிருக்காரும்மா."

நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். "மாப்பிள்ளை, நாலு வார்த்தை திட்டிடுங்க. பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம், எனக்கு ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டார்.

"அந்த அம்மாவுக்கு எங்கேருந்தாவது தண்ணி கெடச்சுதா?"

"தெரியல மாப்பிள்ளை" என்றேன்.