சுவர் மட்டும் தெரிந்த படம்

2007-ம் வருடம், வைகாசி மாதம். அப்போது நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டி.டி.பி. ஆபரேட்டர். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பேன். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மாடி அறையில் தனியாக இருந்தேன். இதைச் சொன்னால் உடனே உச்சுக் கொட்டுவார்கள் என்பதால் யாரிடமும் சொல்வதில்லை.

வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் நகராது. துணி துவைத்து, சோறாக்கி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடித்துப் பார்த்தால் மணி பதினொன்றுதான் ஆகியிருக்கும். அந்த ஞாயிறுகளுக்காகவே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அறையில் வைத்தேன். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் வீடு வடிவமைக்கிற மென்பொருள் இருந்தது. சுவர் இழுக்கலாம், கதவு சன்னல் பதிக்கலாம், ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வீட்டுக்குள் நாமே நடந்துபோகிற மாதிரி காட்டும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சும்மா பிடிக்குமா, படுத்தி எடுத்துவிட்டுத்தான் பிடித்தது. முதல் வீட்டில் பத்துக்குப் பத்து என்று ஓர் அறை போட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் பந்தி பரிமாறலாம், அவ்வளவு பெரிசு. நான் அடி என்று நினைத்துப் போட்டதை அது மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அளவை அடிக்கு மாற்றிக்கொண்டேன். இன்னொரு நாள் கூரை போட்டதும் வீட்டுக்குள் ஒன்றுமே தெரியவில்லை. கம்ப்யூட்டரே போய்விட்டது என்று பதறினேன். கூரையை மறைத்துவைக்க ஒரு கட்டம் இருந்தது, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு முழுக்க வரைந்த மாடி வீடு கரண்ட் போன ஒரு நொடியில் காணாமல் போனது. அதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேமிப்பேன், அதுவும் ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில். யாராவது கேட்டால் இன்றைக்கும் முதலில் இந்த மூன்றையும்தான் சொல்லிக்கொடுப்பேன்.

இப்படி இரண்டு வருடத்தில் நாற்பது வீடு கட்டியிருப்பேன். ஒன்றிலும் ஆள் கிடையாது. மென்பொருளில் மனித பொம்மைகளும் இருந்தன. ஒரு நாள் கோட்டு போட்ட ஒருவரை எடுத்து சோபாவில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் என்னையே பார்ப்பது போல இருந்தது. அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த ஓர் அக்காவிடம் மட்டும் இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். அவர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, எங்களுக்கு விஸ்வநத்தத்துல ரெண்டரை சென்ட் எடம் கெடக்குல்ல. இப்ப கட்டிரலாம்னு இருக்கோம். நீங்க பொம்மை வீடு போடுவீகள்ல, எங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தாங்களேன்.”

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதல் தடவையாக மனிதர்கள் குடியிருக்கப்போகிற வீடு. இரண்டு ஞாயிறில் போட்டுக் கொடுத்தேன். ஒரு ஹால், ஓர் அறை, அடுப்படி, வீட்டோடு ஒட்டியே கழிப்பறை. கழிப்பறை உள்ளேயே வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவருடைய வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் சுவர் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயல் இழந்துவிட்டது. எட்டு வருடமாகத் தரையில் உட்கார்ந்தபடி, கையை ஊன்றி நகர்ந்துதான் எல்லாமே.

அஸ்திவாரம் போட்டு, நல்ல நேரம் பார்த்து நிலை வைத்து, சுவர் எழும்ப ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் அச்சகத்து கலர் பிரிண்டரில் ஹாலின் படத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போனேன். வரிசையாக இருக்கும் லைன் வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தால் நான்கடியில் எதிர்வீட்டின் பின்சுவர். அந்த ஒற்றை அறையில்தான் அக்காவின் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பகல் முழுக்கத் தனியாக இருப்பார். காலை எட்டு மணிக்கு அக்கா கதவைச் சாத்திவிட்டுப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார்.

அண்ணன் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஹாலில் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய சன்னல். அதன் வழியாக ரோடும், பஸ் ஸ்டாப்பும் தெரிகிற மாதிரி வரைந்திருந்தேன்.

“நல்லாருக்கு தங்கச்சி,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “இந்தச் சன்னலை ஒட்டித்தான் நான் உக்காரப்போறேன். அங்கன இருந்து பாத்தா எப்பிடித் தெரியும்னு ஒரு படம் எடுத்துத் தாரீகளா? இவ பஸ்ஸ விட்டு எறங்கி வாரது தெரியும்ல?” என்று கேட்டார்.

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். “பின்னே, நல்லாத் தெரியும்ணே,” என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அவர் உட்கார்ந்திருக்கும்போது கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தேன். இரண்டடி நாலங்குலம்.

மறுநாள் ஞாயிறு. குளித்துவிட்டு ஆசையாக உட்கார்ந்தேன். உதவிப் பக்கங்களைத் துழாவியதில், மென்பொருளில் கேமரா உயரம் என்று ஒரு கட்டம் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதில் ஐந்தரை அடி என்று தானாகவே இருந்தது. நானே ஐந்தடிதான். இரண்டு வருடமாக யாரோ ஒரு நெட்டைக்காரர் கண்ணால் என் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! சிரித்துக்கொண்டே அதை மாற்றி இரண்டடி நாலங்குலம் என்று போட்டேன். சன்னலை ஒட்டி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி கேமராவை வைத்தேன். ரோட்டைப் பார்த்துத் திருப்பினேன்.

திரை முழுக்க வெறும் சந்தன நிறம். வேறு ஒன்றுமே இல்லை.

சரி, கேமரா சுவருக்குள் மாட்டிக்கொண்டது, இது அடிக்கடி வருகிற கோளாறுதான் என்று இரண்டடி பின்னால் நகர்த்தினேன். இப்போது சந்தன நிறத்துக்கு மேலே கம்பியும், ஒரு விரற்கடை நீலமும் வந்தது. ரோட்டைக் காணோம். ஸ்டாப்பைக் காணோம். சன்னலை எடுத்துவிட்டு மறுபடி பதித்தேன். அதேதான். மூடிவிட்டுத் திறந்தேன். சுவரையே அழித்து மறுபடி இழுத்தேன். மென்பொருளை நீக்கிவிட்டு சி.டி.யிலிருந்து மறுபடி ஏற்றினேன். கீழே டெலிபோன் பூத்துக்குப் போய், கம்ப்யூட்டர் விற்ற தம்பிக்குப் போன் போட்டேன். “டிஸ்பிளே கேபிள் லூசா இருக்கும்க்கா, பிடுங்கி மாட்டிப் பாருங்க,” என்றான். கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு எந்த நோய்க்கும் அதுதானே கஷாயம்!

மேஜைக்கு அடியில் தரையில் உட்கார்ந்து, பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். வியர்த்துக் கொட்டியது. அப்படியே சுவரில் சாய்ந்து, காற்று வருகிறதா என்று என் அறைச் சன்னலை நிமிர்ந்து பார்த்தேன். சன்னலுக்குக் கீழே இருக்கிற சுவர் தெரிந்தது. மேலே கொஞ்சம் வானம் தெரிந்தது. எதிர்வீட்டு மாடியும், வேப்பமரமும், நின்றுகொண்டு நான் தினமும் பார்க்கிற எதுவும் தெரியவில்லை.

மென்பொருளில் ஒரு கோளாறும் இல்லை. அது காலையிலிருந்து உண்மையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான்தான் நம்பாமல் அதை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் சன்னல் என்றால் தரையிலிருந்து மூன்றடி. கொத்தனாரைக் கேட்கவே வேண்டாம், கை தானாக அங்கேதான் வைக்கும். மென்பொருளும் சன்னலைத் தானாக மூன்றடியில்தான் பதிக்கும். இரண்டும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, சொந்த வீட்டிலும் ஒரு சுவரையே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதற்கு ‘நல்லாத் தெரியும்ணே’ என்று வாய்ச்சவடால் வேறு. அன்றைக்கு என்னை நானே திட்டிக்கொண்ட மாதிரி என் எதிரிகூடத் திட்டியிருக்க முடியாது.

சன்னலின் அடிமட்டத்தை ஒன்றரை அடிக்கு இறக்கிப் பார்த்தேன். ரோடு வந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கி ஒன்றேகால் அடியில் வைத்தேன். ஸ்டாப்பும், ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருகிற மண்பாதையும் முழுசாக வந்தது. இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டேன், சுவர் மட்டும் தெரிந்தது ஒன்று, ரோடு தெரிந்தது ஒன்று. திங்கட்கிழமை காலையில் அச்சகம் திறக்கிறவரைக் கெஞ்சிச் சீக்கிரம் திறக்க வைத்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு விஸ்வநத்தத்துக்கு பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தால், கிழக்குச் சுவர் மூன்றடிக்கு எழும்பி நின்றது. அக்காவும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கம்ப்யூட்டர்க்காரம்மா, ஒண்ணேகால் அடியில யாராச்சும் சன்னல் வைப்பாகளா? கோழி, நாயெல்லாம் எட்டிப் பாக்கும். பாக்குறவுக என்னையத்தான் சிரிப்பாக. கட்டுன சொவரப் பேக்கச் சொல்றீக, வெளையாட்டா இருக்கா?”

எனக்கு வாதாட வரவில்லை. பையிலிருந்து முதல் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இது, ஒண்ணுமே இல்லையே? வெறும் கலருல்ல அடிச்சிருக்கீக.”

“அது சொவருங்கண்ணே. நீங்க கட்டியிருக்கிறது. அண்ணன் அங்கன உக்காந்தா நாள் பூரா அதைத்தான் பாப்பாரு.”

கொத்தனார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அக்காவைக் கவனித்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். “எட்டு வருசமா ஒரு வார்த்தை சொன்னதில்ல தங்கச்சி. ‘பொழுது எப்பிடிப் போச்சு’ன்னு கேட்டா, ‘அது பாட்டுக்குப் போச்சு’ம்பாரு,” என்றார்.

கொத்தனார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். “கலவ இன்னும் எறுகல. கழட்டிரலாம்,” என்று சொல்லிவிட்டுச் பக்கத்தில் இருந்த ஆளைக் கூப்பிட்டார். ஒவ்வொரு செங்கல்லாக உடையாமல் எடுத்து வைத்தார்கள். அச்சகத்துக்கு நான் ஒன்றரை மணி நேரம் தாமதம். அதற்கு வாங்கிய பேச்சு ஒன்றும் உறைக்கவில்லை.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். அன்றைக்குத் தீபாவளிச் சீசன் வேலை தலைக்கு மேல் கிடந்ததால் என்னால் போக முடியவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். விஸ்வநத்தத்தில் இறங்கி நாலு எட்டு நடந்த பிறகுதான் பழப் பையை சீட்டிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. கிளம்பிவிட்ட பஸ்ஸை, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியபடி துரத்தினேன். டிரைவர் புண்ணியவான், நிறுத்தினார். பையை வாங்கிக்கொண்டு, நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை என்று சேலையைச் சரிசெய்துகொண்டு, ரொம்பக் கௌரவமாக அந்த வீட்டு வாசலுக்குப் போனேன்.

கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

“வாங்க தங்கச்சி, பளம் கெடைச்சிருச்சா?” என்றார் அண்ணன்.

சன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “நீங்க எறங்கினப்பவே பாத்துட்டேன். என்ன, வெறுங்கையோட வாராகளேன்னு நெனைச்சேன். அப்பிடியே ஓடுனீக பாருங்க!” என்று மறுபடியும் சிரித்தார். அக்காவும் சேர்ந்துகொண்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் சிரிப்பினால் என்று நினைத்திருப்பார்கள்.

நான் எங்கோ ஒரு ஸ்டாப்பில் இறங்குவதை யாராவது பார்த்துக்கொண்டிருந்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது தெரியுமா? அம்மா இருந்தவரை மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் தட்டை எடுத்து வைப்பார். அதற்குப் பிறகு நான் எத்தனை மணிக்கு வந்தேன், போனேன் என்பது எந்த உயிருக்கும் தெரியாது. அந்த மனிதருக்கு ஒரு சன்னல் வாங்கிக் கொடுத்ததாக நினைத்து வந்தவளை, அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருந்து ஒருவர் பார்த்துவிட்டார்.

அதற்கு அப்புறம் எத்தனையோ பேருக்கு வீடு வரைந்து கொடுத்துவிட்டேன். யார் வந்தாலும் அளவு கேட்பதற்கு முன்னால், பகலில் வீட்டில் தனியாக இருக்கப்போவது யார், எங்கே உட்காருவார் என்றுதான் கேட்கிறேன். இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் மனசு ரொம்பக் கனத்துப்போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் விஸ்வநத்தம் பஸ்ஸில் ஏறிவிடுவேன், நான் இறங்குவது ஒருவருக்குத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக.