பளிங்கில் என் பெயர்

எங்கள் அப்பாவுக்கு ஆசிட்டின் மேல் இருந்த நம்பிக்கை ஆண்டவர் மேல் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். போடி பஜாரில் பெயின்ட், ஆணி, குழாய் விற்கிற கடை எங்களுடையது. கறை என்று யார் வந்து நின்றாலும் அப்பாவின் கை தானாக ஆசிட் பாட்டிலுக்குப் போகும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனாலும் அதே பாட்டில்தான். ஐப்பசி மழைக்குச் சிமென்ட் மேடையில் ஏறியிருக்கும் பாசியில் ஊற்றி, துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று தேய்த்து, மேலே சுண்ணாம்பும் அடித்துவிட்டால் அவர் வேலை தீர்ந்தது.

அம்மாவின் வேலை அவ்வளவு சுருக்கத் தீராது. தாத்தாவுக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரம்கூட இல்லாத சின்னப் பளிங்குக் கல் ஒன்று இருந்தது. எனக்கு முன்னால் பிறந்து, ஒரு மாதம்கூட இருக்காமல் போய்விட்ட அக்காவின் கல். அதை அப்பா தொடக்கூடாது. சோப்புத்தூள் கூடாது, கம்பி பிரஷ்ஷைக் கண்ணிலேயே காட்டக்கூடாது. கல்லறைத் தோட்டத்து போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் கல்லில் வெள்ளை பூத்துவிடும் என்று வீட்டிலிருந்து இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஆட்டோவில் எங்களோடு வரும். முதலில் கல்லை நன்றாக ஊற வைப்பாள். பிறகு மெத்தென்ற பிரஷ்ஷை வைத்து அடியிலிருந்து மேலே தேய்த்துக்கொண்டே போவாள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு வழிந்து கோடு கோடாய் நின்றுவிடுமாம். எழுத்துக்குள் அடைந்த பாசியை ஐஸ் குச்சியால் நெம்பி எடுப்பாள். புள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி என்னத்துக்கு இவ்வளவு நேரம் என்று அப்பா கேலி பண்ணுவார். "கல்லு வெட்டுனவக இப்பிடித்தான் கழுவச் சொன்னாக" என்பாள் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அந்த வருஷம் எனக்கு ஏழு வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்த திமிரில் கடை போர்டு, பஸ் போர்டு என்று எதையும் விட்டு வைப்பதில்லை. அன்றைக்கு அந்தக் கல்லையும் வாசித்தேன். என் பெயர். பயமெல்லாம் வரவில்லை, பெருமைதான் தாங்கவில்லை. எங்கள் வகுப்பில் வேறு யாருக்குப் பளிங்கில் பெயர் இருக்கிறது? அக்கா பெயரைத்தான் எனக்கும் வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அக்காவைப் போட்டோ எடுக்கவே இல்லை, அவளுக்கென்று இருப்பது இந்தக் கல் ஒன்றுதான், அதனால் பார்த்துத் தொடணும் என்றும் சொன்னாள்.

ஆனால் என் பெயரைச் சுற்றி மஞ்சள் கறை ஏறியிருந்தது. அம்மா எவ்வளவு தேய்த்தும் அது முழுசாகப் போகவில்லை. நாளைக்கு ஊரே வருமே, பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வாசலில் பூக்காரி வந்து கூப்பிட, அம்மா எழுந்து போனாள். அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பாட்டில் மூடியில்லாமல் மேடையோரம் இருந்தது. இரண்டு கையாலும் தூக்கிக் கல்லில் ஊற்றினேன்.

புசுபுசுவென்று நுரை பொங்கியது. அழுக்கெல்லாம் எப்படிக் கழல்கிறது பார் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். நெடி ஏறி நான் இருமின சத்தத்தில் அம்மா திரும்பிப் பார்த்தாள். ஓடி வந்து என்னைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டு, குடத்துத் தண்ணீரை என் கையிலும் காலிலும் ஊற்றினாள். மிச்சத்தைக் கல்லில் கவிழ்த்தாள். அது போதாமல், எந்த உப்புத் தண்ணீர் ஆகாது என்றாளோ அதையே அப்பா வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்.

கல்லின் வழவழப்பு போய்ச் சாக்பீஸ் மாதிரி ஆகிவிட்டது. எழுத்தில் இருந்த கறுப்பு பெயின்ட் உரிந்து, வெட்டின ஓரமெல்லாம் மழுங்கிப் போனது. பெயரின் முதல் எழுத்து தடவிப் பார்த்தால்தான் தெரிந்தது.

எனக்கு அடி நிச்சயம் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அப்பாவோ, பாட்டிலைத் திறந்து போட்டது தன் புத்திகெட்ட வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இதே அளவுல புதுக் கல்லு வெட்டச் சொல்லிருவோம்" என்றார்.

"வேணாங்க. அவளுக்கு நாம செஞ்சது இது ஒண்ணுதான். இதே இருக்கட்டும்."

அம்மா ஈரக் கல்லில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். கடைசி எழுத்துக்கு வந்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படி ஒரு குரலில் அவள் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஓடிப் போய் அவள் முகத்தை என் பக்கம் திருப்பி, "அம்மா, நான் இங்கனதான இருக்கேன்" என்றேன்.

அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாக அழுதாள். அப்பா எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கூப்பிட்டதும்தான் வந்துவிட்டேனே, இன்னும் என்ன அழுகை என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.