பக்ருதீனுக்கென்று ஓர் அறை

ஆரிபாவுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். கணவர் பக்ருதீனோடு சேர்ந்து இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு தேறும். பினாங்கில் செருப்புக் கடை வைத்திருந்த சபுராளி, கடல் கடந்து போய் வியாபாரம் செய்கிறவர். வருஷம் தவறாமல் நோன்புக்குத் திண்டுக்கல் வருவார், நாலு மாதம் இருப்பார், மறுபடி கப்பலேறிவிடுவார். மற்ற மாதங்களில் அவருடைய அறையில் ஈ காக்கை நுழையாது. வாராவாரம் மெத்தையை வெயிலில் போட்டு எடுப்பாள். அவர் தட்டில் பெற்ற மகள்கூடச் சாப்பிட்டதில்லை. ஊரில் இல்லாத புருஷனுக்கு வேறு எப்படித்தான் பெண்டாட்டியாக இருப்பதாம்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் வருமான வரிக்காரர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். ஆடிட்டர் ஞானராஜ் போட்டு உடைத்துவிட்டார்.

“இங்க உங்களுக்குன்னு ஒரு வீடு இருந்து, வருஷா வருஷம் வந்து தங்குனா நீங்க உள்ளூர்க்காரர்தான் பாய். பினாங்கு வரும்படிக்கும் இங்க வரி. பழைய வருஷத்து வரியும் சேந்தா கடை மிஞ்சாது.”

வீடு ஆரிபாவின் வாப்பா அவளுக்குக் கொடுத்தது. பக்ருதீன் அந்த நியாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆரிபாவுக்குப் பாடம் சொன்னார்.

“ஆபீசர் கேட்டா, இங்க அவருக்குன்னு ஒண்ணுமில்ல, விருந்தாளியா வந்து போறாருன்னு சொல்லிரு. அம்புட்டுத்தான்.”

ஆபீசர் வந்தார். ஆரிபா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

“பாய் ஊருக்கு வந்தா எங்கம்மா தங்குவார்?”

சொல்லவேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் கட்டிய புருஷனை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது? தள்ளிவைக்கப்பட்டவள் பேசுகிற பேச்சல்லவா அது? பக்கத்து வீட்டு நசீம் பானு வேறு காதைத் தீட்டிக்கொண்டு அருகிலேயே நின்றாள்.

“எங்க தங்குவாரா? அவரு வீடுங்க இது!” ஆரிபாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அந்த ரூமைத் தொறந்து பாருங்க. வருஷம் பூரா அவருக்குன்னே வச்சிருக்கேன். ஒருத்தரைப் படுக்க விட்டதில்ல!”

ஆபீசர் திறந்து பார்த்தார். கூடவே நின்ற பக்ருதீன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொட்டியதை அள்ள முடியுமா?

அவர் ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. பாதிக் கடையைப் பங்காளி ஒருவருக்கு விற்றுத்தான் வரியைக் கட்ட முடிந்தது.

கப்பலுக்குப் புறப்பட்ட அன்று குதிரைவண்டி வாசலில் நின்றது. ஆரிபா மெதுவாகக் கேட்டாள்.

“அடுத்த நோன்புக்கு வருவீகளா?”

“வந்தா மிச்சக் கடையும் போயிரும் ஆரிபா.”

“வராட்டி?”

அதற்கு என்ன பதில் என்று ஆடிட்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.