இரண்டு தட்டு

கடலோரக் காவல்படைக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய். "நுரையில் ஆள் தெரியவில்லை" என்று எழுதியிருந்தேன். இங்கே எழுதுவதுதான் நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

மாவி தீவின் வடகரை. போன டிசம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. என் நண்பன் நைனோவாவுக்குப் பெரிய அலையில் பலகை வைத்துச் சறுக்குவதுதான் தொழில். பதினான்கு வருடம். ஒருமுறை செவிப்பறை கிழிந்தது, இரண்டுமுறை தோள்பட்டை கழன்றது. குளிர்காலத்தில் அலை, கோடையில் வீடுகளுக்குக் கூரை போடும் வேலை. இரண்டையும் வைத்துத்தான் குடும்பம் ஓடியது. அவன் விழுந்தால் ஜெட் ஸ்கி என்கிற தண்ணீர் பைக்கில் போய் அள்ளிக்கொண்டு வருவது என் வேலை. ஒன்பது வருடமாக நான்தான் அவனுக்கு ஓட்டினேன்.

அன்று காலை ஸ்பாம் என்கிற டப்பா இறைச்சி வைத்த சோற்றுக்கட்டியை மென்றபடி சொன்னான்:

"டேய் கவிகா, நான் போய்ட்டா என் வண்டிய நீ எடுத்துக்க."

"அந்த ஓட்ட வண்டியா? பிரேக்கே புடிக்காது. உன் பின்னாடியே அதையும் கடல்ல தள்ளிடுறேன்."

அவன் மனைவி லெஹுவா சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் வாய மூடிட்டு ஒழுங்கா வந்து சேருங்க" என்றாள். தொலைநோக்கியும் வாக்கி டாக்கியுமாக மலை விளிம்பில் நின்று, ஆள் எங்கே மிதக்கிறான் என்று எனக்குச் சொல்வது அவள்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஸ்கியின் வாலில் மெத்தை மாதிரி ஒரு பலகை கட்டியிருப்போம். தண்ணீரில் கிடப்பவன் அதில் தாவிப் படுத்து, ஓட்டுபவன் இடுப்பில் இரண்டு தட்டு தட்டுவான். ஏறிவிட்டேன், கிளப்பு என்று அர்த்தம். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கிற அந்த ஒரு நொடியில் அடுத்த அலை இரண்டு பேரையும் அமுக்கிவிடும்.

மணி 11.14. நாலு மாடி உயர அலை. பாதிவரை அழகாக இறங்கினான். காலடியில் அலைப்பலகை நழுவியது... விழுந்தான்.

11.15. ஆரஞ்சு மிதவைச் சட்டை உப்பி, மேலே வந்தான். உயிரோடு இருந்தான். ஸ்கியைத் திருப்பினேன். கிட்டே போனதும் வேகத்தைக் குறைத்தேன். அவன் கையை நீட்டியதைப் பார்த்தேன். பிறகு என் கண் முழுக்க அடுத்த அலைமேல்.

ஸ்கியின் பின்பக்கம் அழுந்தியது. ஆள் ஏறினால் அழுந்துமே, அதே மாதிரி.

தட்... தட்.

தட்டிய கை சில்லென்றிருந்தது. எங்கள் பக்கம் டிசம்பர் கடலும் வெதுவெதுப்புத்தான். இது ரப்பர் உடையைத் தாண்டி எலும்புக்குள் இறங்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கிளப்பினேன்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"அண்ணே..." லெஹுவாவின் குரல். "அவரு அங்கயே கெடக்காரு. கைய ஆட்டுறாரு. ஏன் விட்டுட்டு வர்றீங்க?"

திரும்பினேன்.

ஸ்கியின் வாலில் மெத்தைப் பலகை காலி.

ஆனால் பின்பக்கம் இன்னும் அழுந்தியே இருந்தது...

11.16. அலை இடிந்து விழுந்தது.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் பாரம் இறங்கியது.

இருட்டும்வரை தேடினோம். மிதவைச் சட்டை மட்டும் கிடைத்தது. கொக்கி ஒன்றுகூடக் கழலவில்லை. உள்ளே ஆள் இல்லை.

பயந்துபோய் நண்பனை விட்டுவிட்டு ஓடிவந்தவன் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று இருந்துவிட்டேன். என்னவோ வந்து தட்டியது என்று சொன்னால் காறித் துப்புவார்கள். லெஹுவாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் எல்லோரும் அலைப்பலகையில் கடலுக்குள் போய், வட்டமாக உட்கார்ந்து அவனுக்குப் பூப் போட்டோம். என் பக்கத்தில் ஓஷிரோ. அவரும் ஸ்கி ஓட்டியவர்தான். மூன்று வருடத்துக்கு முன் அவருடைய கூட்டாளி பிரெஸ்டன் அதே இடத்தில் போனான். அதற்குப் பிறகு ஓஷிரோ ஸ்கியைத் தொடவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி, என் இடுப்பின் இடப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். சரியாக அதே இடம்.

"இங்கதான?"

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன்.

"சில்லுனு... ரெண்டு தட்டு?"

"உங்களுக்கு எப்படி..."

"எனக்கும் தட்டுச்சு. பிரெஸ்டன்னு நெனச்சுக் கிளப்பிட்டேன். அவனுக்கு முன்னாடி அங்க ரெண்டு பேர் போயிருக்காங்க. ஸ்கி ஓட்டுனவங்களத் தேடிப் போய்ப் பாத்தேன். ஒண்ணும் சொல்லல. இப்படித்தான் கைய வச்சேன். ரெண்டு பேருமே அழுதுட்டாங்க."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுச் சொல்றது?"

வட்டத்தின் எதிர்ப்பக்கம் லெஹுவா இருந்தாள். கடைசிப் பூவை இன்னும் போடவில்லை.

"அவன் போன அன்னிக்குக் காலைல படகுத்துறையில எங்களப் பாத்தீங்கள்ல?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

ஓஷிரோ கையை எடுத்துக்கொண்டார்.

"அலை நல்லாருக்கும், போய்ட்டு வாடான்னு சொன்னேன்."