பொலோன்யாவிலிருந்து வந்த அழைப்பு

சனிக்கிழமை பிற்பகல் நாலு பத்துக்குத் தொலைபேசி அடித்தது. மேல்வீட்டு இத்தாலியச் சிநேகிதியோடு ஊர் பார்க்கவென்று இத்தாலியின் பொலோன்யா நகரத்துக்குப் போயிருந்த என் மகள். பத்தொன்பது வயது. மொன்றியலில் நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேலில் இரண்டு பேரும் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள், அவள்தான் பாடுவாள். "அம்மா, இஞ்ச ஆளில்லாத பழைய ஆலை ஒண்டைப் பிடிச்சு எல்லாரும் ஒண்டா இருக்கிறம். பொலிஸ் எழுப்பப் பார்க்குது, நாங்கள் விடேல்லை. நான் இப்ப வரமாட்டன்." பின்னால் யாரோ ட்ரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அட்டையில் காசு முடிந்து தொடர்பு அறுந்துபோனது.

வாடகை கொடுக்காமல், தங்களுக்குப் பிடித்த இசையை வாசித்துக்கொண்டு, அரசாங்கத்தை ஏசிக்கொண்டு வாழும் இளம்பிள்ளைகள் அந்த நகரத்தில் நிறையப் பேர் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணம் மட்டும்தான். என் அண்ணன் ரியூசனுக்கென்று சைக்கிளில் போய் இயக்கத்தில் சேர்ந்தவர், திரும்பி வரவில்லை. ஆமி வீடு வீடாகத் தேடும் என்று அம்மா அவருடைய படங்களை அன்றைக்கே எரித்தார். அந்த நினைப்பில் என் கை தானாகச் சுவருக்குப் போனது. மகளின் முதல் நன்மைப் படம், பள்ளிக்கூடப் படம், எல்லாவற்றையும் கழற்றி அரிசிச் சாக்குக்குள் ஒளித்தேன்.

டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை முடிந்து வந்த கணவர் வெறும் ஆணிகளைப் பார்த்தார்.

"இஞ்சாரும், இது மொன்றியல். ஆமி வராது."

"தெரியும்," என்றேன். ஆனாலும் திருப்பி மாட்ட மனம் வரவில்லை.

செபக்கூட்டத்தில், அவள் ரொறன்ரோவில் சித்தி வீட்டில் நிற்கிறாள் என்று சொல்லிவைத்தேன். அதனால் ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கும் அழ ஓர் ஆள் இல்லாமல் போனது. அவள் விட்டுப்போன, அவளே பாடிய இசைத்தட்டைப் பகலில் தனியே போட்டுக் கேட்பேன். பிரெஞ்சில் ஒரே கத்தல், ஒரு சொல்லும் விளங்காது. வரிகளுக்கு நடுவில் அவள் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கும். சின்ன வயதில் இழுப்பு வந்த பிள்ளை. அந்த மூச்சுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன். இன்றைக்கும் சனிக்கிழமைகளில் தொலைபேசி அடித்தால் உடனே எடுக்க முடிவதில்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலை கதவு மணி அடித்தது. ஒரு பக்கம் மழித்த தலையோடு மகள் நின்றாள். உள்ளே வந்தவள் சுவரைக் கண்டாள். மாமாவின் கதை அவளுக்குத் தெரியும். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் வெறும் ஆணி ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒருத்தரும் என்னைக் கொண்டுபோகேல்லை அம்மா. நான் பாடத்தான் போனனான். அதுவும் வடிவாப் பாடேல்லை."