திறக்காமலே காலியான டின்

“ஜூலை 2001, லிங்கராஜபுரம். திறக்கப்படவில்லை.” என் கையெழுத்தில் இப்படிச் சீட்டு ஒட்டிய குளிர்பான டின் ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. மூடியின் வளையம் அப்படியே இருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

பெரியம்மா மகளான அக்காவும் அத்தானும் அப்போது குளிர்பான ஏஜென்சி நடத்தினார்கள். ஞாயிறுகளில் உதவிக்குப் போவேன். அந்த மாதம் கிடங்கெங்கும் எறும்பு. அட்டைப்பெட்டிகளின் அடி ஊறி, தூக்கினால் பிய்ந்துகொண்டு வந்தது. வேன் டிரைவர்தான் பெட்டிகளைக் கீழே போடுகிறார் என்று அத்தான் முடிவுகட்டி, “நாளையிலேர்ந்து வராதே” என்றார். வேலை போனால், கிடங்கின் பின்னறையில் குடும்பத்தோடு இருந்த டிரைவருக்கு வீடும் போகும்.

“தேவராணே நான் போடல சார். போட்டா நசுங்கும்ல? எங்க நசுங்கியிருக்கு, காட்டுங்க” என்று டிரைவர் கன்னடமும் தமிழுமாகச் சாமிமேல் சத்தியம் செய்தார்.

அக்கா ஒழுகிய டின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். நசுங்கல் இல்லை. மூடி விளிம்பிலும் கசிவில்லை. அடிப்பாகத்தில் மட்டும் வெள்ளைப் பொடி பூத்து, நடுவே ஊசிமுனை அளவு துளை. பொடியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

“அடச்சீ, அதைப் போய் நக்குறியே!” என்றார் அத்தான்.

“இனிப்பா இல்லீங்க. உப்பு கரிக்குது. உங்க தங்கச்சி ரிசப்ஷன்ல மிஞ்சினதுதானே இந்தப் பெட்டிங்க?”

மே மாத ரிசப்ஷனில், டிரம் ஐஸில் டின்கள் சீக்கிரம் சில்லிடட்டுமென்று கோட்டைக் கழற்றிவிட்டு, கல்லுப்பை அள்ளி அள்ளிக் கொட்டியவர் அத்தான்தான். மிஞ்சிய டின்களை மேலோட்டமாகத் துடைத்து, ஈரத்தோடு பெட்டியில் அடைத்துக் கிடங்குக்கு அனுப்பியவரும் அவர்தான். ஒட்டியிருந்த உப்பு மெல்லிய அலுமினியத்தை அரித்திருக்கிறது. ஒன்று ஒழுக, அந்தப் புளிப்பு நீரில் பக்கத்து டின்களும் ஊறியிருக்கின்றன.

“போட்டோவே இருக்கு. ஆல்பத்தை எடுத்தாரட்டா?” என்றாள் அக்கா.

அத்தான் டிரைவர் பக்கம் திரும்பாமலே, “வண்டியை எடுப்பா. அடுகோடிக்குப் போற லோடு நிக்குது” என்றார். மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதன்பிறகு டிரைவர் கல்யாண மண்டப வாசலிலேயே திரும்பி வரும் டின்களை நக்கிப் பார்ப்பார். “உப்பு சார், எடுக்க மாட்டேன்” என்று பெண்வீட்டார் முன்னால் அவர் சொல்வதை இரண்டு முறை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அத்தான் பக்கத்தில்தான் நின்றார்.

சோதிக்கச் சொல்லிக் கம்பெனிக்கு அனுப்பிய சாம்பிள் டின்களுக்குப் பதில் வந்ததாக அக்காவுக்கு நினைவில்லை. இதை எழுதும் முன் என்னிடமுள்ள டின்னின் அடியை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். ஒரு சுவையும் இல்லை. உப்புதான் காரணம் என்பது இன்றுவரை சோதித்து உறுதிசெய்யப்படவில்லை.